கூட்டி வந்தவர்

இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை தனுஷுக்கு ஊசி. அந்தத் தேதிகளையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள் வெங்கடேஸ்வரி. டிசம்பர் வரைக்கும் போட்டாயிற்று. ஆனால் அது ஒரு காலண்டரோடு முடிகிற விஷயம் இல்லை. பையனுக்கு இருபத்தோரு வயசு ஆகிற வரைக்கும் போட வேண்டும், அதற்குப் பிறகும் பார்த்துச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். அவனுக்கு இப்போதுதான் ஏழு.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி அறைக்குள் போனதும் தனுஷ் தானே டிரவுசரை இறக்கிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள்வான். அந்த மருந்து கெட்டியானது. மெல்ல மெல்லத்தான் ஏறும்.

"இருவது எண்ணுவேன் சிஸ்டர். அதுக்குள்ள எடுத்துரணும்."

"முப்பது எண்ணு ராசா. மருந்து கஞ்சி மாதிரி இருக்கு, நான் என்ன செய்ய?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவான். அவன் கையைப் பிடித்தபடி நிற்கிற வெங்கடேஸ்வரியும் மனசுக்குள் எண்ணுவாள். அவள் எண்ணுவது நம்பர் இல்லை. சமுத்திரம், சமுத்திரம், சமுத்திரம் என்று முப்பது தடவை.

சமுத்திரம் என்பவர் மம்சாபுரத்துக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு வீட்டில் தொக்கம் எடுக்கிறவர். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, சோறு இறங்கவில்லை என்றால், தின்ற எதுவோ தொண்டையிலோ குடலிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் தொக்கம் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சமுத்திரம் பிள்ளையின் கழுத்தில் ஒரு பித்தளைக் குழலை வைத்து மறுமுனையில் வாயை வைத்து உறிஞ்சுவார். தட்டுத் தண்ணீரில் துப்புவார். கோழித் துணுக்கோ, முடிச்சுருளோ, கத்தரிக்காய்த் தோலோ தண்ணீரில் மிதக்கும். அவ்வளவுதான், தொக்கம் எடுத்தாயிற்று.

போன வருஷம் ஆடி மாசம் தனுஷுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தபோது அவனை அங்கே கூட்டிப்போனவள் பாலம்மாள். வெங்கடேஸ்வரியின் புருஷன் வேல்பாண்டிக்கு அக்கா. வேல்பாண்டி ராணுவத்தில், ராஜஸ்தான் பக்கம். தம்பி வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொண்டது பாலம்மாள்தான். மூன்று நாள் தொடர்ந்து போய் மூன்று தடவை தொக்கம் எடுத்தாள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. பாலம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பையனுக்கு முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் மணிக்கட்டு. பிறகு மூச்சு வாங்கியது. மதுரையில் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதய வால்வில் கசிவு இருக்கிறது என்றார்கள். "அந்தத் தொண்டைப் புண்ணுக்கு அப்பவே பத்து நாள் மருந்து குடுத்திருந்தா இது வந்திருக்காதும்மா" என்றார் டாக்டர். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. இரண்டு பெயர் கிடைத்தது.

அன்றையிலிருந்து அவள் பாலம்மாளிடம் நேராகப் பேசுவதில்லை. "தனுஷு, உங்க அத்தைட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு" என்பாள். பாலம்மாளும் சளைத்தவள் இல்லை. "தனுஷு, உங்கம்மாட்ட சொல்லு, எனக்குக் காது கேக்குதுன்னு" என்பாள்.

அது வீட்டுக்குள் நடக்கிற தண்டனை. தோப்பு வீட்டுக்கு வேறு வேண்டியிருந்தது.

*

வெங்கடேஸ்வரிக்கு ராஜபாளையத்தில் வேலை. சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங் டேபிள். வெளுத்து வருகிற துணியை விளக்குக்கு நேரே ஓடவிட்டு ஓட்டை, கறை, நூல் விட்டுப்போன இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை அரசுத் தேர்வுக்கான வகுப்பு. வகுப்புக்கு வாங்கிய நீள நோட்டில் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி அவள் வேறொன்றை எழுத ஆரம்பித்தாள்.

கட்டம் போட்டாள். வரிசை எண், தேதி, பிள்ளை பெயர், வயசு, காய்ச்சல் எத்தனை நாள், தின்றதாகச் சொன்னது, தொக்கமாக வந்தது, கூட்டி வந்தவர். எட்டுக் கட்டம். முதல் வரியில் தனுஷ். கூட்டி வந்தவர் கட்டத்தில் பாலம்மாள் என்று எழுதி அடியில் சிவப்புக் கோடு போட்டாள்.

மற்ற வரிகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்பு வீட்டுக்குப் போனாள். பையனுக்கு மறுபடி எடுக்கணுமா என்று கேட்க வந்தவள் மாதிரி மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். தாய்மார்களிடம் பேச்சுக் கொடுப்பாள். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவாள். சரியாகக் கேட்டோமா, சரியாகப் பார்த்தோமா என்று அவளுக்கு எப்போதும் சந்தேகம். இரண்டு தடவை உறுதியான பிறகே மேலே பேனா ஓடும். சிலவற்றில் பென்சில் கேள்விக்குறி அப்படியே நின்றது.

முதல் ஞாயிறு இரண்டு பேரிடம், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று காதில் சொன்னாள். அவர்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். டோக்கன் கொடுக்கிற பொன்மணி, சமுத்திரத்தின் மனைவி, அவளை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே அனுப்பிவிட்டால் நோட்டு நின்றுபோகும். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. எழுதினாள்.

பத்தாம் வரியில் சந்தேகம் வந்தது. இருபதாம் வரியில் உறுதியானது. டோக்கன் கொடுக்கும்போது பொன்மணி, "கடைசியா பிள்ளை என்ன தின்னுச்சு தாயி?" என்று கரிசனமாகக் கேட்பாள். பிறகு உள்ளே போவாள். சமுத்திரம் ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் தொட்டுப் பார்ப்பார், நன்றாகப் பேசுவார், பிறகு வாய் கொப்பளிக்கப் பின்கட்டுக்குப் போவார். திரும்பி வந்த பிறகு துப்புகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். வாய்க்குள் இருப்பது விழுந்துவிடும் அல்லவா!

தின்றதாகச் சொன்னதும் தொக்கமாக வந்ததும் முப்பது வரியில் இருபத்திரண்டில் ஒன்றாக இருந்தது.

ஆனால் இது சாட்சி ஆகுமா என்று வெங்கடேஸ்வரிக்குத் தெரியவில்லை. கோழி தின்ற பிள்ளைக்குக் கோழிதானே வரும் என்று யாரும் கேட்டுவிடலாம். தின்னாததை வரவைக்க வேண்டும். அதற்கு ஒரு பிள்ளை வேண்டும்.

*

"எம் பிள்ளை இருக்காளேக்கா" என்றாள் நூர்பானு.

நூர்பானு மடிப்பு டேபிள். வெங்கடேஸ்வரி பார்த்து விடுகிற துணியை மடித்துக் கட்டுகிறவள். புருஷன் அபுதாஹிர் ராஜபாளையத்தில் பழக்கடை வைத்திருந்தார். ஐந்து வயசு அல்ஃபியா ஒரே பெண். தனுஷ் மதுரையில் கிடந்தபோது மூன்று நாள் லீவு போட்டுக் கூட வந்து இருந்தவள் நூர்பானு மட்டும்தான்.

"உடம்பு நல்லா இருக்கிற பிள்ளையைக் கொண்டுபோய்க் காய்ச்சல்னு சொல்லணுமே, நூரு. ஒத்துக்குவாளா?"

"ஒத்துக்குவாளாவா? ஸ்கூலுக்குப் போகாம இருக்க வயித்து வலின்னு உருண்டு பெரண்டு எங்க அத்தாவையே ஏமாத்துனவ அவ. சினிமாவுல சேத்து விட்டா எனக்கு இந்த மடிப்பு வேலையே வேணாம்க்கா."

"மீன் தின்னான்னு சொல்லணும்."

"மீனு வாடை பட்டாலே வாந்தி எடுப்பா. ஒரு துண்டு உள்ள போனதில்ல இன்னைக்கு வரைக்கும்." நூர்பானு சிரித்தாள். "அந்தாளு வாயிலேர்ந்து முள்ளு வரட்டும். நான் வீடியோ எடுக்கேன். நீங்க பேசுங்க. மம்சாபுரமே கேக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க வெங்கடேஸ்வரி விளக்குக்கு நேரே துணி ஓட ஓட, எழுந்து நின்று என்ன பேசுவது என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். நீளமாக இருந்தது, வெட்டினாள். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: "இந்தப் பிள்ளை மீனே தின்னதில்லை. அப்ப இந்த முள் யார் வாயிலிருந்து வந்தது?" இதைச் சொல்லும்போது சமுத்திரத்தின் முகம் எப்படி மாறும் என்பதைத்தான் அவள் அதிகம் நினைத்துப் பார்த்தாள். சோறு இறங்காத ராத்திரிகளில் அந்த முகம்தான் அவளுக்குச் சாப்பாடு.

*

ஞாயிறு காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நூர்பானு இறங்கினாள். அல்ஃபியா ஜன்னல் சீட்டில் தூங்கி எழுந்த முகத்தோடு அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பாருங்கக்கா, காலையிலேர்ந்தே ஆரம்பிச்சுட்டா. தோசை வேணாமாம். தொண்டை வலிக்குதாம். நான் சொல்லிக் குடுத்ததே காய்ச்சல் மட்டுந்தான். இவளா தொண்டைய சேத்துக்கிட்டா."

"நெசமாவே வலிக்குதும்மா" என்றாள் அல்ஃபியா.

"அப்பிடித்தான் சொல்லணும். அங்க போயும் இதே மாதிரி சொல்லு, என் தங்கம்."

ஆட்டோவில் ஏறினார்கள். பிள்ளை நடுவில். மம்சாபுரம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் ஆட்டோ தூக்கிப்போட்டபோது அல்ஃபியா வெங்கடேஸ்வரி மேல் சாய்ந்தாள். அவள் கை பிள்ளையின் கழுத்தில் பட்டது.

ஒரு வருஷமாகத் தனுஷின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை அது. தெர்மாமீட்டர் வைக்கும் முன்பே சொல்லிவிடும். நூற்று இரண்டுக்குக் குறையாது என்று கை சொன்னது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெல்லிக்காய் மாதிரி நெறி கட்டியிருந்தது.

நூர்பானு அந்தப் பக்கம் வெளியே பார்த்தபடி போனில் வீடியோ எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். வெங்கடேஸ்வரி போனில் மணி பார்த்தாள். ஒன்பது நாற்பது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. போனுல சார்ஜ் இருக்கான்னு கேக்க வந்தேன்."

ஒரு மணி நேரம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரி. தொண்டைப் புண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. இன்னொரு ஞாயிறு நூர்பானு ஒத்துக்கொள்வாளா, பொன்மணிக்கு அதற்குள் சந்தேகம் வந்துவிட்டால்? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுக்கிய எல்லாமே சரியாகத்தான் தெரிந்தன.

*

டோக்கன் ஒன்பது.

"கடைசியா பிள்ளை என்ன தின்னுச்சு தாயி?" என்றாள் பொன்மணி.

"நேத்து மத்தியானம் மீனுக்கா. பிளவக்கல் டேம் மீனுன்னு கொண்டாந்தாங்க. பொரிச்சுக் குடுத்தேன், ஆசையா தின்னா. அதுலேர்ந்துதான்." நூர்பானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு நடிப்பு எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகிவிட்டது.

"முள்ளுதான். எடுத்துருவாக, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் பொன்மணி உள்ளே போனாள்.

மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நூர்பானு பிள்ளையைத் தூக்கப்போனாள்.

"குடு, நான் வச்சுக்கிறேன்" என்று வெங்கடேஸ்வரி முந்திக்கொண்டாள். "நீ போனைப் பாரு. கை ஆடாம எடுக்கணும்ல."

அல்ஃபியாவை மடியில் வாங்கி, சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டாள். தாயின் கை பிள்ளை மேல் படாமல் பார்த்துக்கொண்டாள். பிள்ளையின் அனல் அவள் வயிற்றில் ஏறியது. ஒரு மணி நேரம் போயிற்று, ஐந்தாவது டோக்கன்தான் நடந்தது. கான்சாபுரத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் இரட்டைப் பிள்ளைகளோடு நடுவில் புகுந்துவிட்டது.

பதினொன்றரைக்கு அல்ஃபியாவின் வாயோரம் எச்சில் வழிந்தது. மடியில் இருந்த நீள நோட்டின் அட்டையில் சொட்டியது. வெங்கடேஸ்வரி துடைத்தாள். மறுபடி சொட்டியது. அந்த அட்டையின் உள்பக்கத்தில் மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை ஒட்டிவைத்திருந்தாள். அதில் நான்காவது வரி அவளுக்கு மனப்பாடம். எச்சிலை விழுங்க முடியாமல் வெளியே வழிந்தால் சிறிதும் தாமதிக்காமல் வரவும்.

"என்னக்கா, தூங்குறாளா?" என்று எட்டிப் பார்த்தாள் நூர்பானு.

"ஆமா."

"நல்லா நடிக்கிறாக்கா. எச்சி கூட விடுறா பாருங்க. கழுத!"

"ஏழு முடிஞ்சிருச்சு. இன்னும் ஒண்ணுதான்" என்றாள் வெங்கடேஸ்வரி.

பன்னிரண்டேகாலுக்கு ஒன்பதைக் கூப்பிட்டார்கள்.

சமுத்திரம் ஒன்றும் அரக்கன் மாதிரி இருக்கமாட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, குழந்தைகளைப் பார்த்தால் சிரிக்கிற கண். பாயில் படுக்கவைத்த பிள்ளையின் நெற்றியில் கை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

"பிள்ளைக்கு அனலா அடிக்குதே தாயி. எத்தன நாளா?"

நூர்பானு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது வெங்கடேஸ்வரிக்குத் தெரிந்தது. இந்தாளு எம்புட்டுப் பொய் சொல்றான் பாருங்கக்கா என்று அந்தக் கண் சொன்னது. அந்த வீட்டில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"நேத்துலேர்ந்துண்ணே" என்றாள் நூர்பானு, போனைத் துப்பட்டாவுக்குள்ளிருந்து லேசாக நீட்டியபடி.

அவர் வாய் கொப்பளிக்கப் போனார். வந்தார். பேசவில்லை. குழலைக் கழுத்தில் வைத்து அழுத்தினார். அல்ஃபியா வலியில் ஒரு சத்தம் போட்டாள். குரல் மாதிரியே இல்லை, தொண்டையில் துணியை அடைத்த மாதிரி இருந்தது. அவர் உறிஞ்சி, தட்டில் துப்பினார்.

தண்ணீரில் ஒரு மீன் முள் மிதந்தது.

வெங்கடேஸ்வரி எழுந்தாள். ஒரு வாரமாக எழுதி வெட்டி எழுதி வைத்திருந்தது பிசிறில்லாமல் வந்தது.

"இந்தப் பிள்ளை மீனே தின்னதில்லை. அப்ப இந்த முள் யார் வாயிலேர்ந்து வந்தது?"

கூட்டம் தட்டை எட்டிப் பார்த்தது. சமுத்திரத்தின் முகம் மாறியது. அவள் நினைத்துப் பார்த்தபடியே முதலில் கண், பிறகு வாய். அந்த ஒரு நிமிஷம் வெங்கடேஸ்வரிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"மீனு மட்டுமில்லய்யா!" நூர்பானு சந்தோஷத்தில் கூவினாள். "எம் பிள்ளைக்குக் காய்ச்சலே கெடையாது. அனலா அடிக்குதாம்ல! எல்லாரும் தொட்டுப் பாருங்க..."

ஒரு கையில் போன் ஓட, மறு கையால் பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். பிள்ளையின் கன்னம் அவள் கழுத்தில் பட்டது.

நூர்பானு போன் பிடித்த கையால் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். போன் கீழே விழுந்தது.

"அல்ஃபியா? ஏட்டி, அல்ஃபியா?"

பொன்மணி அந்த இடைவெளியை விடவில்லை. பிள்ளையின் முதுகில் கை வைத்துக் கூட்டத்தைப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லாத பிள்ளையா இது? வந்து தொட்டுப் பாருங்க. கொள்ளி மாதிரி கொதிக்கிது. பிள்ளைக்கு முடியலன்னு பெத்தவளுக்கே தெரியல, எங்களக் குத்தம் சொல்ல வந்துட்டாளுக!"

"காய்ச்சக்காரப் பிள்ளைய வச்சா வெள்ளாடுறீக?" என்று ஒரு ஆண் குரல்.

"முள்ளு வந்துச்சுல்ல? தாய்க்குத் தெரியாம யாரு வீட்டுலயாவது தின்னிருக்கும்."

வெங்கடேஸ்வரி ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. குனிந்து போனையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நூர்பானுவின் பின்னால் ஓடினாள். சமுத்திரம் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

*

ஆட்டோவில் பாதி வழி வரைக்கும் நூர்பானு பிள்ளையின் வாயோரத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே வந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"மடியில வச்சிருந்தீகளே. ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம்தான். வெங்கடேஸ்வரிக்கு அது வரவில்லை.

"வரும்போதே. ஆட்டோவுல."

நூர்பானு அவளைப் பார்த்தாள். அடிப்பாள் என்று வெங்கடேஸ்வரி நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நூர்பானு பிள்ளையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அல்ஃபியாவின் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் உடனே படுக்கையில் போட்டார். உள்ளே சீழ் கோக்க ஆரம்பித்திருந்தது. மூச்சுப் போகிற வழியை அது அடைத்திருந்தால் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. டிரிப்ஸ் ஏறியது, ஊசி மருந்து ஏறியது. அபுதாஹிர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். வாசலில் நின்ற வெங்கடேஸ்வரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

நூர்பானு வெளியே வந்தாள். "தனுஷுக்கு நடந்தப்ப நான் ஒங்களுக்காக அழுதேன். நீங்க எம் பிள்ளைக்காக அழாதீகக்கா. போங்க."

மூன்றாம் நாள் அல்ஃபியா ஒரு டம்ளர் பால் குடித்தாள் என்று கம்பெனியில் யாரோ சொல்லித்தான் வெங்கடேஸ்வரிக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்கால வகுப்பில் நோட்டைப் பின்பக்கம் திருப்பினாள். முப்பத்தோராவது வரியைப் பென்சிலால் எழுதினாள். அல்ஃபியா, ஐந்து, ஒரு நாள், மீன், மீன் முள். கடைசிக் கட்டம் பாக்கி. நூர்பானு (தாய்) என்று எழுதினாள். எழுதியது பொய் இல்லை. கூட்டி வந்தது தாய்தானே!

இந்த ஒரு வரிதான் சாட்சி. மற்ற முப்பதையும் யாரும் ஊதித் தள்ளலாம், இதை முடியாது. நூர்பானுவின் போனில் வீடியோவும் இருந்தது. அதுவும் தாயின் கையெழுத்தும் வேண்டும். கேட்க அவளுக்கு முகமில்லை. இருந்தும் சமுத்திரத்தை விட மனசில்லை. பத்து நாள் இரண்டுக்கும் நடுவில் கிடந்தாள்.

பதினோராம் நாள் நூர்பானு வேலைக்கு வந்தாள். நேரே செக்கிங் டேபிளுக்கு வந்து கை நீட்டினாள்.

"அந்த நோட்டக் குடுங்க."

நின்றபடியே வாசித்தாள். விளக்கு வெளிச்சத்தில் துணி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போடுறேன். வீடியோவையும் அனுப்பி விடுறேன். கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வாரேன். எம் பிள்ளை கழுத்துல குழல வச்சு அமுக்குனவன விடமாட்டேன்." பிறகு கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள். "ஆனா இந்தப் பேர அழிங்க."

"நூரு..."

"அவளுக்கு முடியலன்னு தெரிஞ்சு கூட்டிட்டுப் போனது யாரு? நானா? பேரு எழுதுங்க. காய்ச்சல்னு தெரிஞ்ச நேரம் எழுதுங்க. எச்சி வடிஞ்ச நேரம், ஆஸ்பத்திரிக்குப் போன நேரம், அம்புட்டும். நீங்கதான் எல்லாத்தையும் கட்டம் போட்டு எழுதுவீகளே."

வெங்கடேஸ்வரி ரப்பரை எடுத்து அழித்தாள். இந்தத் தடவை பென்சிலைத் தொடவில்லை. பேனாவால் தன் பெயரை முழுசாக எழுதினாள். பக்கத்தில் 9.40, 11.30, 12.15, 12.55. எதிலும் கேள்விக்குறி இல்லை. நூர்பானு அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மடிப்பு டேபிளுக்குப் போகாமல் கடைசி மூலையில் இருக்கிற பேக்கிங்குக்கு இடம் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் நோட்டு மேசை மேல் கிடந்தபோது பாலம்மாள் பார்த்துவிட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். முதல் வரியையும் பார்த்தாள், முப்பத்தோராவதையும் பார்த்தாள். அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னாள்.

"தனுஷு, உங்கம்மாட்ட கேளு. எம் பேருக்குப் பக்கத்துல அவ பேரு எழுத எடம் இருக்கான்னு. கூட்டிட்டுப் போகவான்னு நான் போன் போட்டுக் கேட்டப்ப, சரி மயினின்னு சொன்னது எந்த மகராசி?"

தனுஷ் அம்மாவைப் பார்த்தான். அதைக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை.

அந்த போன் வெங்கடேஸ்வரிக்கு மறந்துபோனதில்லை. அன்றைக்கு டேபிளில் சரக்கு குவிந்து கிடந்தது, சூப்பர்வைசர் பின்னால் நின்றார். சரி மயினி என்ற இரண்டு வார்த்தையில் போனை வைத்தாள். அதற்கு அவள் நோட்டில் ஒரு கட்டம்கூடப் போடவில்லை. இப்போது பென்சிலை எடுத்து முதல் வரிக்கு மேலே சின்னதாக எழுதினாள்: போனில் சரி சொன்னது, வெ. பேனாவால் எழுத அன்றைக்குக் கை வரவில்லை. பாலம்மாள் பெயருக்கு அடியில் இருந்த சிவப்புக் கோட்டையும் அவள் அழிக்கவில்லை.

மறுநாள் சுகாதார அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். வீடியோவை இரண்டு தடவை ஓடவிட்டார். முப்பத்தோராவது வரிக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இந்தப் பேரு?"

"நான்தான் மேடம்."

"தெரிஞ்சும் ரெண்டரை மணி நேரம் வச்சிருந்ததா எழுதியிருக்கே."

"ஆமா மேடம்."

"இதை நான் மேல அனுப்புனா ஒங்களையும் கூப்பிட்டு விசாரிப்பாங்கம்மா. இந்தப் பக்கத்தை மட்டும் வேணும்னா..."

"இந்தப் பக்கம் இல்லாட்டி அவரு தப்பிச்சிருவாரு மேடம்" என்றாள் வெங்கடேஸ்வரி. "என்னைய விசாரிக்கட்டும். ஆனா அவரையும் எம் பக்கத்துலயே நிறுத்தி விசாரிக்கணும்."

அதிகாரி நோட்டை மூடினார். அட்டையில் எச்சில் காய்ந்த தடம் ஒரு காசு அளவுக்கு வெளுத்திருந்தது.

வெங்கடேஸ்வரி போகவில்லை. நாளைக்குத் தனுஷுக்கு ஊசி. எண்ணுவதற்கு இப்போது சமுத்திரத்தோடு தன் பெயரும் இருந்தது, முப்பதும் பாதிப் பாதியாகத்தான் வரும்.

"வாங்கிக்கிட்டதுக்கு ஒரு சீல் போட்டுக் குடுங்க மேடம். தேதியோட."